குதிரைக்கு நான் சொல்லிக்கொடுத்த தப்புகள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்ததும் யாராவது ஒருத்தர் கேட்பார்: "ஆள் வைக்காமல் குதிரையை நாமே பழக்கலாமா?" பழக்கலாம். நான் அப்படித்தான் பழக்கினேன். பட்டதையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அதே சந்தையில் ஒரு கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை வாங்கினேன். காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும், அந்த அழகில் விழுந்துவிட்டேன். கூட வந்த மாமா சுழி பார்த்தார், நான் நிறம் பார்த்தேன், பல்லை யாரும் பார்க்கவில்லை. "நாலு வயசு, இன்னைக்கே ஏறலாம்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்த கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். முன்பற்களில் நடு ஜோடி மட்டும்தான் விழுந்து முளைத்திருந்தது. அது இரண்டரை வயதுக் கணக்கு. அடுத்த ஜோடி முளைக்க மூன்றரை ஆகும். முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயது ஆகிவிடும். அதனால் ஒரு வருடத்துக்கு மேல் ஏறவே இல்லை, கயிறு பிடித்து நடத்தியதோடு சரி.

வம்பு வாய்க்கால் பாலத்தில் ஆரம்பித்தது. பாலத்தருகே போனதும் நின்று தலையை உதறுவாள். பாவம், பயப்படுகிறாள் என்று கயிற்றைத் தளர்த்தி வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். பத்தே நாளில் பாலத்துக்கு முன்னால் இருக்கும் புளியமரத்தடியிலேயே உதற ஆரம்பித்தாள். பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். முள் கடிவாளம் போடச் சொல்லி யோசனை கொடுத்தவர்களும் உண்டு.

கயிறு இழுபடும்போது குதிரை பல வழி தேடும். எதைச் செய்த நொடியில் கயிறு தளர்கிறதோ, அதையே பாடமாக எடுத்துக்கொள்ளும். தலையை உதறினால் வீடு. நான் நடத்திய பாடம் அதுதான், அவள் முதல் மார்க்கில் பாஸ்.

1900-களில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லிப் பேர் வாங்கியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907-இல் விஷயத்தை எழுதினார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அப்படி அசைகிறோம் என்பது கேட்டவர்களுக்கே தெரியாது.

எனக்கும் தெரியாதுதான். சவாரி ஆரம்பித்த பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஃபோனில் எடுத்த வீடியோவில் பார்த்தேன்: குதிகாலால் "போ" என்று அழுத்துகிறேன், அதே நேரம் வலது கை கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. வண்டியில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிப்பது மாதிரி. இதில் திட்டு வாங்கியது முழுக்க அவள்.

எங்கள் பக்கம் பயிற்சியாளர் என்று வருபவர்களில் பாதிப்பேர் ஊர்வலத்துக்கு ஆடப் பழக்குகிறவர்கள். வாயை இறுக்கிக் கட்டும் அந்த வித்தை எனக்கு வேண்டாம். ஆனால் குதிரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஒரு கண் வேண்டும். தினமும் அரைமணி நேரம் ஃபோன் பிடிக்கிற பையன் போதும். அப்புறம் ஹெல்மெட், அதில் பேரமே கிடையாது.

பாலத்தில் கற்ற தப்புப் பாடத்தைத் திருத்த மூன்று வாரம் ஆனது. ஓரடி வைத்தால் தளர்த்துவேன், உதறினால் இழுக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். ஒருநாள் பாலத்தில் முன்காலை வைத்துவிட்டு, குளம்பு பட்ட சத்தத்தைக் காதால் கேட்டபடி நின்றாள். பிறகு நடந்தாள்.

இப்போது போகும்போது தகராறில்லை. திரும்பும்போது வீடு கண்ணில் பட்டதும் ஓட்டம் பிடிக்கிறாள். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை பையனை ஃபோனோடு வரச் சொல்லியிருக்கிறேன்.