கீமேன் ஒதுங்க இடம் எங்கே?

என் சித்தப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தில் நடந்தவர். கீமேன் வேலை. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் கொடிகளுமாக விடிந்ததும் கிளம்புவார். தன் பங்குத் தூரம் முழுவதையும் கால்நடையாகப் பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கிவிட்டு வருவார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. போன வாரம் எங்கள் ஊர் கேட் பக்கம் அவரை அழைத்துச் சென்றேன். பாதையை இரு பக்கமும் பார்த்துவிட்டு, "இப்போது ரயில் வந்தால் நடந்து வருகிறவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஜல்லியின் விளிம்பு வரை இரு பக்கமும் சீமைக் கருவேலம். கையை நீட்டினால் முள்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜல்லிக்கு வெளியே ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். பாதையைப் பார்க்கும் தொழிலாளிக்கு உயிர் காக்கும் இடம் அதுதான். புதர் அதை விழுங்கிவிட்டால் அவர் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நடக்க வேண்டியதாகிறது. வளைவில் உட்பக்கம் புதர் மண்டினால் வரும் ரயிலே கண்ணில் படாது. முன்பு டீசல் எஞ்சின் தூரத்தில் உறுமும்போதே தெரிந்துவிடும். மின்சார எஞ்சின் அவ்வளவு சத்தம் போடுவதில்லை. ஓட்டுநர் ஆளைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும், வேகமாக வரும் ரயில் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் ஓடிவிடும். காதுக்கும் எட்டாமல் கண்ணுக்கும் தெரியாமல் வரும் ஒரு வண்டியிடமிருந்து எந்த மனிதன் தப்புவான்?

முள் நம் ஊருக்குப் புதிதல்ல. காரைச் செடி அடர்ந்திருந்ததால்தான் காரைக்குடி என்று பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் சீமைக் கருவேலம் 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்று, போகும் இடமெல்லாம் விதைத்துவிட்டன. நான் சிறுவனாக இருந்தபோதும் அது பாதை ஓரத்தில் இருந்தது. ஆனால் இப்படிக் காடாக இருக்கவில்லை. காரணம் எங்கள் அப்பத்தா போன்றவர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அரிவாளோடு போய் விறகு வெட்டிச் சுமந்து வருவார்கள். கேஸ் அடுப்பு வந்தது, அரிவாள் எரவாணத்துக்குப் போனது. அவர்கள் தலைச்சுமை இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கூலியில்லாமல் அவர்கள் செய்துவந்த அந்த வேலையை வேறு யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிரிட்டனிலும் இதேதான் நடந்திருக்கிறது. நீராவி எஞ்சின் காலத்தில், தீப்பொறி விழுந்து காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்று பயந்து பாதை ஓரத்தை வெட்டி வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். நீராவி போனதும் அந்தப் பயமும் போனது, ஓரமெல்லாம் மரமாயிற்று. அங்கே இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் இலைகள் சக்கரத்தில் நசுங்கி, வழுக்கும் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. 2021 அக்டோபர் 31 அன்று சாலிஸ்பரி அருகே ஒரு ரயில், பிரேக் போட்டும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போய், சிக்னலைத் தாண்டி இன்னொரு ரயில் மீது மோதியது. யாரும் இறக்கவில்லை, பலர் காயமடைந்தார்கள். நம் வெயிலில் இலைப்படலம் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. நம் ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது.

நம் பாதையில் இப்போது ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். அந்தக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தொடவே வேண்டாம், மிக அருகில் போனாலே பாயும். மின்சாரம் இருக்கும்போது 2 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கே விதி. கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில் பழுத்த பனைமட்டை ஒன்று பறந்து கம்பியில் விழுந்தால் போதும், வண்டிகள் நின்றுவிடும். அதைவிட என்னைக் கலங்க வைப்பது ஆடு மேய்ப்பவர்களின் தொரட்டி. வேப்பங்குழையும் கருவேல நெற்றும் பாதை ஓரத்தில்தான் கிடைக்கின்றன. முன்பு மூங்கிலில் இருந்த தொரட்டி இப்போது பல கைகளில் இரும்புக் குழாயாகிவிட்டது. மூங்கிலும் ஈரமாக இருந்தால் காப்பாற்றாது. எங்கள் தெரு ஆத்தா ஒருவர் அப்படிக் கம்பிக்கு அடியில் நின்று குழை இழுப்பதைப் பார்த்து ஓடிப்போய்த் தடுத்தேன். "இத்தனை வருசமாக இங்கேதானே மேய்க்கிறேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் மாறவில்லை, மேலே கம்பி வந்துவிட்டது.

'மரத்தை வெட்டச் சொல்கிறாயா' என்று சில நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். எல்லா மரத்தையும் அல்ல. தள்ளி நிற்கும் வேம்பையும் ஆலையும் தொடக் கூடாது. கம்பியை நோக்கிச் சாயும் பனைக்கும் புளிக்கும் மட்டும்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கருவேலத்தை வெட்டினால் போதாது. சென்ற ஆண்டு எங்கள் பக்கம் ஒப்பந்த ஆட்கள் வந்து இடுப்பு உயரத்தில் வெட்டி, முள்ளை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மழையில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிட்டது. காய்ந்த முள் நடக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு பீடித் துண்டு விழுந்தால் என்ன ஆகும்? சமதளத்தில் வேரோடு எடுக்க வேண்டும். உயரமான மண்கரையில் வேரைப் பிடுங்கினால் மண் சரியும். அங்கே தரையோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்து, புல்லை வளர விட வேண்டும். ஓர வாய்க்காலையும் தூர்வார வேண்டும். இவ்வளவும் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும்.

2018 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அன்று நம் பாதையில் மின்கம்பி இல்லை.

பாதையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களே, உங்கள் வரப்பில் நிற்கும் மரம் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் தயவுசெய்து நீங்களாக ஏறி வெட்டாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், அல்லது 139-க்குச் சொல்லுங்கள். முன்பு தந்திக்கம்பத்தில் எழுதியிருந்தது போலவே, மின்கம்பங்களிலும் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்துக் கொடுத்தால் இடம் உடனே தெரியும்.

வருகிற திங்கட்கிழமை நானும் சித்தப்பாவும் மனு கொடுக்கப் போகிறோம். கேட்டிலிருந்து வளைவு வரை ஒதுங்க இடமில்லாத இடங்களை அவர் கம்பம் கம்பமாக எண் குறித்து வைத்திருக்கிறார். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிறு மாலை ஊருணிக் கரைக்கு வாருங்கள்.