ஜூம் ஐபீஸ் பொம்மை இல்லை

சனிக்கிழமை ராத்திரி பள்ளி மைதானத்தில் வானம் காட்டும்போது எனக்கும் நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கும் நடந்ததைப் பற்றி நம் வானியல் குழுவில் எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்கள். நான்தான் வாய் திறக்கவில்லை. வயதில் பெரியவர், நான் தொலைநோக்கி வாங்குவதற்குப் பல வருஷம் முன்பே வானம் பார்க்க ஆரம்பித்தவர். அவரைப் பற்றிப் பொதுவில் எழுத வேண்டுமா என்று யோசித்தபடி இருந்தேன். ஆனால் நேற்று என் படத்துக்குக் கீழே "ஜூம் ஐபீஸ் எல்லாம் பொம்மை, சீரியஸாப் பார்க்கிறவன் தொடமாட்டான்" என்று எழுதுகிறார், அதற்கு இத்தனை பேர் லைக் போடுகிறீர்கள். இதற்கு மேலும் சும்மா இருந்தால் நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூம் ஐபீஸ் பொம்மை இல்லை. தொலைநோக்கியில் நாம் கண் வைக்கிற லென்ஸ்தான் ஐபீஸ்; ஜூமில் வளையத்தைத் திருகினால் உருவம் பெரிதாகும், சிறிதாகும். ஊர்மக்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் ஜூமைவிடப் பொருத்தமான ஐபீஸ் எதுவும் எனக்குத் தெரியாது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு கணக்கு. என்னுடையது 8 அங்குலக் கண்ணாடி வைத்த, கையால் நகர்த்துகிற டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 8-24 மில்லிமீட்டர் ஜூமில் 24-ல் வைத்தால் 50 மடங்கு. வளையத்தைத் திருகிக்கொண்டே 8-க்கு வந்தால் 150 மடங்கு. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த "எங்கே வேண்டுமானாலும்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேலே காற்று எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு நாள் 150-ல் வியாழனின் பட்டைகள் கோடு போட்டதுபோல் நிற்கும். மறுநாள் அதே 150-ல், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். அன்றைக்கு 110 மடங்குதான் சரி என்றால், தனித்தனி ஐபீஸ் வைத்திருப்பவர் என்ன செய்வார்? 12 மில்லிமீட்டர் போட்டால் 100, 10 போட்டால் 120. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஜூமில் நான் திருகிக்கொண்டே போவேன், படம் கலங்க ஆரம்பித்ததும் ஒரு துளி பின்னால் வந்து நிறுத்துவேன். முடிந்தது வேலை.

அப்புறம், என் டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுகிற வேகத்துக்கு 150 மடங்கில் வியாழன் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேற இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இருட்டில் திருகாணியைத் தளர்த்தி, ஒன்றைக் கழற்றி, மூடியைத் தேடி, இன்னொன்றைச் செருகி, ஃபோகஸ் பண்ணுவதற்குள் வியாழன் போய்விடும். திரும்பப் பிடிக்க வேண்டும். வரிசை நீளும். ஜூமில் 24-ல் வைத்து நடுவில் கொண்டுவந்து, வளையத்தைத் திருகினால் போதும்.

சரி, "24-ல் காட்சிப்பரப்பு சுருங்கிவிடுமே" என்று கேட்பீர்கள். ஐபீஸில் தெரிகிற வட்டத்தின் அகலத்தைச் சொல்கிறீர்கள். ஆமாம், சுருங்கும். பெரும்பாலான ஜூம்களில் அந்த முனையில் 40 முதல் 50 டிகிரிக்குள்தான். பரப்பு அதிகம் வேண்டிய முனையில் குறைவாகவும், 8-ல் 60, 68 டிகிரி என்று தாராளமாகவும் இருப்பது ஜூமின் பிறவிக் குறை. இதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. கார்த்திகைக் கூட்டத்தை ஜூமில் காட்டவே மாட்டேன், அதற்குப் பைனாகுலர் இருக்கிறது. ஆனால் நிலா வானத்தில் அரை டிகிரிதான், 50 மடங்கில் 25 டிகிரி. 24-ல் முழு நிலாவும் சுற்றிலும் இருட்டோடு அழகாக உட்காரும். வியாழனும் அதன் நான்கு நிலாக்களும் சேர்ந்தே அதைவிடச் சின்ன இடத்தில் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேறு என்ன காட்டுகிறோம்?

"திருகினால் ஃபோகஸ் மாறும்." மாறும், ஒரு தொடு தொட்டால் சரியாகும். "லென்ஸ் அதிகம், வெளிச்சம் குறையும்." நிலாவைப் பார்த்துக் கண் கூசுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், வெளிச்சத்துக்கு என்ன குறை? "மலிவு ஜூம்கள் மோசம்." மோசம்தான். பெட்டியோடு வரும் 4 மில்லிமீட்டர் ஐபீஸும்தான் மோசம், ஊசித்துளை அளவு கண்ணாடியில் கண்ணை வைக்கவே முடியாது. அதைக் காட்டி யாராவது தனி ஐபீஸ் எல்லாமே பொம்மை என்று சொல்கிறார்களா? ஜூம் என்றால் மட்டும் ஏன் குடும்பத்தையே சேர்த்துத் திட்டுகிறீர்கள்?

பெரியவர் உயிராக மதிக்கிற அகலக் காட்சி ஐபீஸ் நாக்லர். 82 டிகிரி. 1980 வாக்கில் அல் நாக்லர் கொண்டுவந்தது. பிரமாதமான ஐபீஸ், எனக்கும் ஆசைதான். அதே அல் நாக்லர் தொடங்கிய டெலிவியூ கம்பெனி, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஒரு ஜூமும் வெளியிட்டது. கோள்களை உன்னிப்பாகப் பார்ப்பதற்கு என்றே செய்தது. திருகினாலும் காட்சிப்பரப்பு 50 டிகிரியிலேயே நிற்கும். சீரியஸாகப் பார்க்கிறவன் ஜூமைத் தொடமாட்டான் என்றால் அது யாருக்காகச் செய்யப்பட்டது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேறொரு ஊர், வேறொரு பள்ளி. வளர்பிறை தசமி வாக்கில் நிலா காட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகச் சத்துணவுக் கூடத்து ஆயா வந்தார். கையில் இன்னும் பாத்திரம் கழுவிய ஈரம், முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். 24-ல் நிலா முழுவதையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதை நான் திருகலாமா?" என்று கேட்டார். "திருகுங்க ஆயா" என்றேன். மெதுவாகத் திருகினார். ஃபோகஸை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். "கிட்ட வருது… கிட்ட வருது…" என்றவர் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "இந்தக் குழி என்னங்க?" என்று கேட்டார். பகலும் இரவும் பிரிகிற கோட்டுக்குப் பக்கத்தில் கோப்பர்னிக்கஸ். 93 கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட கோயம்புத்தூருக்கும் ஈரோட்டுக்கும் உள்ள தூரம் என்றேன். கண்ணை எடுக்காமலேயே, "ஈரோட்டுல எம்பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கு" என்றார். அவ்வளவு நேரமும் வளையம் அவர் கையில்தான் இருந்தது. எந்த 82 டிகிரி ஐபீஸில் இதைச் செய்ய முடியும், சொல்லுங்கள்.

அபிஜித் (வேகா) நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எப்சிலான் லைரே இன்னொரு உதாரணம். 50 மடங்கில் இரண்டு நட்சத்திரம். காற்று நன்றாக இருக்கிற நாளில் 8 வரைக்கும் திருகினால் அந்த இரண்டில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். கண் முன்னாலேயே இரண்டு நாலாகிற அந்த நேரத்தில் பிள்ளைகள் "ஹே!" என்று கத்துவார்கள். ஐபீஸைக் கழற்றி மாட்டினால் "முதலில் இதைப் பார்த்தாய், இப்போது அதைப் பார்க்கிறாய்" என்று நாம் விளக்கம்தான் சொல்ல வேண்டும். முதலில் பார்த்ததும் இப்போது பார்ப்பதும் ஒன்றுதான் என்பதை ஜூமில் அவர்களே பார்த்துவிடுகிறார்கள்.

நாம் எல்லாரும் பேர் சொல்லிக்கொள்கிற ஜான் டாப்சன் யார்? சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 23 வருஷம் துறவியாக இருந்தவர். ஒட்டுப்பலகையும் அட்டைக்குழாயும் வைத்துத் தொலைநோக்கி செய்தவர், பழைய பைனாகுலரிலிருந்து கழற்றிய லென்ஸை ஐபீஸாக்கியவர். 1968-ல் நடைபாதை வானியலாளர்கள் என்று ஆரம்பித்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அவர் பேரைத் தாங்கிய தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்த ஐபீஸ் கௌரவமானது என்று வருகிறவர்கள் காதுபடப் பேசுகிறோம்.

எனக்கு வலித்தது "பொம்மை" என்ற வார்த்தைகூட இல்லை. போன மாதம் குழுவில் ஒரு அம்மா, மகனுக்கு ஜூம் வாங்கலாமா என்று கேட்டார். கீழே வந்த நக்கலைப் பார்த்துப் பதிவையே எடுத்துவிட்டார், பிறகு ஆளையே காணவில்லை. ஒருத்தராவது அவரிடம் ஒழுங்காகப் பதில் சொன்னோமா? வாங்குங்கள், பெயர் தெரிந்த கம்பெனி ஜூமாகப் பார்த்து வாங்குங்கள், பிறகு கையில் காசு வந்தால் 32 மில்லிமீட்டர் பிளாசல் என்கிற சாதாரணத் தனி ஐபீஸ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் பதில். அம்மா, நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து குழுவுக்குத் திரும்பி வாருங்கள்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று குழுவில் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பையன் ஒருவன் ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கண்ணைக் கையால் பொத்தி, குனிந்துகொண்டிருந்தான். அப்போதுதான் பெரியவர் குறுக்கே கை நீட்டி, என்னைக் கேட்காமல் ஜூமைக் கழற்றி, தன்னுடைய ஒரு கிலோ ஐபீஸைப் போட்டார். முன்பாரம் தாங்காமல் குழாய் தலை கவிழ்ந்தது. வியாழன் போய்விட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டார்கள். பையன் பார்க்காமலே போனான்.

சார், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, இன்னமும் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் தொலைநோக்கியைக் கொண்டு வாருங்கள், உங்கள் நாக்லரைப் போட்டு என் பக்கத்திலேயே காட்டுங்கள். வரிசையை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம், பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும். என் தொலைநோக்கியில் ஜூம்தான் இருக்கும். கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.