அந்தக் கதையில் ஏனம் யார் கழுவுகிறார்கள்?

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் டீ குடிக்கும்போது கேட்டார்: “அக்கா, ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன்லாம் படிக்கலாம்னு இருக்கேன். யார்ல ஆரம்பிக்கட்டும்? ஒரு டாப் டென் அனுப்புங்க.”

அனுப்பவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் ஒருவர் ஐம்பது பேர் பட்டியல் கொடுத்தார். மூன்றாவது புத்தகத்திலேயே மூச்சு வாங்கி, இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று இரண்டு வருஷம் ஒதுங்கிக் கிடந்தேன். அதனால் பட்டியல் எல்லாம் கிடையாது. என்னிடம் இருப்பது என் மாமியார் கேட்ட ஒரு கேள்விதான். அதை வைத்துத்தான் இன்றுவரை இந்த வகை எழுத்தாளர்களை எடைபோடுகிறேன்.

2012. கரண்ட் கட் தலைவிரித்தாடிய வருஷம். பாளையங்கோட்டையில் ராத்திரி எட்டு மணி, எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஏழு வயசுப் பையனுக்கு டோல்கீனின் ‘ஹாபிட்’ கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பில்போ தன் பாட்டுக்கு வீட்டில் இருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. ஒரு குள்ளன் வருகிறான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஐந்து பேர். மொத்தம் பதின்மூன்று பேர் வந்து உட்கார்ந்து, அடுக்களையில் இருந்த அத்தனையையும் காலி செய்கிறார்கள்.

அத்தையின் கை நின்றுவிட்டது. “சொல்லாமக் கொள்ளாம பதிமூணு பேரா? வீட்ல பொம்பளையாளு உண்டுமா?”

“இல்ல அத்தை, அவரு ஒத்தை ஆளு.”

“அப்ப அம்புட்டு ஏனத்தையும் யாரு கழுவுனா?” (ஏனம் என்றால் எங்கள் பக்கம் பாத்திரம்.)

வேடிக்கை என்னவென்றால் டோல்கீன் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் வைத்திருக்கிறார். குள்ளர்களே கழுவுகிறார்கள். தட்டை உடைப்போம், கிளாஸை நொறுக்குவோம் என்று பில்போவை வெறுப்பேற்றிப் பாடிக்கொண்டே, ஒன்றைக்கூட உடைக்காமல் கழுவித் துடைத்து அடுக்கிவிடுகிறார்கள். சொன்னேன். அத்தை திரும்பக் கீரையை எடுத்துக்கொண்டு, “எழுதுனவன் விவரமான ஆளாத்தான் இருக்கான்” என்றார்.

1937-இல் வந்த புத்தகம். எத்தனையோ பேராசிரியர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த விமர்சனம் போதும்.

அன்றிலிருந்து என் வீட்டில் இதற்கு ‘ஏனம் சோதனை’ என்று பெயர். கோட்டை கட்டுகிறீர்கள், டிராகனைப் பறக்கவிடுகிறீர்கள், ஐந்நூறு பேரை ஒரு விண்கலத்தில் ஏற்றி எண்பது வருஷப் பயணம் அனுப்புகிறீர்கள். சரி. சோறு யார் வடிப்பது? எச்சில் தட்டு எங்கே போகிறது? இதை ஒரு நிமிஷமாவது யோசித்த எழுத்தாளர் மற்றதையும் யோசித்திருப்பார் என்பது என் அனுபவம்.

டோல்கீனையே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படித்தவர்கள் போர்க்களங்களைச் சொல்வார்கள். எனக்கு மறக்காத இடம் கடைசியில் வருவது. கதாநாயகன் ஃப்ரோடோவோடு கூடப் போகும் தோட்டக்காரன் சாம் தன் சமையல் சட்டிகளை மலை, காடு, சதுப்பு நிலம் என்று எல்லாவற்றையும் தாண்டி முதுகில் சுமந்து வந்திருக்கிறான். எரிமலைக்குப் போகும் வழியில் உடம்பில் தெம்பில்லை, பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சட்டிகளைத் தூக்கி ஒரு பிளவுக்குள் போடுகிறான். அவை இருட்டில் மோதி மோதி விழும் சத்தம் அவனுக்குச் சாவு மணி மாதிரி கேட்கிறது. இனிச் சமைக்கப் போவதில்லை, அதாவது திரும்பி வரப்போவதில்லை. இதையும் அத்தையிடம் சொன்னேன். “ஐயோ, நல்ல ஏனமாச்சே” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

(அந்தப் புத்தகத்தில் வரும் பாட்டுகளை நான் தாண்டிவிடுவேன். டாம் பாம்படில் வரும் பக்கங்களையும். பக்தர்கள் மன்னிக்கவும்.)

அடுத்தது வங்காளத்து எழுத்தாளர் பேகம் ரொக்கேயா. ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். 1905-இல் அது முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ பத்திரிகையில். இது நம்மில் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பெண்கள் ஆளும் நாடு அது. ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில். அடுக்களையில் புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை, வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள். ஆபீஸ் வேலை இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எப்படி? ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், ஒரு ஆண் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் அதிலேயே போச்சு என்று கணக்குப் போடுகிறார். எங்கள் ஆபீஸ் டீக்கடை வாசலை நினைத்துக்கொண்டேன். சின்னக் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன்.

ஊர்சுலா லெ குவின் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ‘தி டிஸ்பொசெஸ்ட்’ (1974) நாவலில் முதலாளி, அரசாங்கம் எதுவும் இல்லாத ஒரு உலகம் வருகிறது. அங்கே குப்பை அள்ளுவது யார் என்ற கேள்விக்கு அவர் பதில் வைத்திருக்கிறார்: யாருக்கும் பிடிக்காத வேலைகளைப் பத்து நாளுக்கு ஒருமுறை எல்லோரும் முறை வைத்துச் செய்கிறார்கள், பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும். சாதி பார்த்துச் சாக்கடைக்குள் ஆளை இறக்கும் நாட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது கற்பனை எது, நடைமுறை எது என்று குழப்பமாகிவிடும். ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு தோழிக்கு அதைத்தான் முதலில் கொடுத்தேன், முப்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தப்பு என்னுடையது.

நான் சொல்ல வந்தது ‘எர்த்ஸீ’. முதல் மூன்று நாவல்களும் 1968-இலிருந்து 1972-க்குள் வந்துவிட்டன. மந்திரவாதிகளின் தீவுக்கூட்டம். கெட் என்ற பையன் வளர்ந்து தலைமை மந்திரவாதி ஆகிறான், சாவின் எல்லைவரை போய் வருகிறான். வழக்கமான வீரக்கதைதான், ஆனால் என்ன எழுத்து! அத்தோடு விட்டிருந்தாலே அவர் பெரிய எழுத்தாளர். பதினெட்டு வருஷம் கழித்து 1990-இல் ‘தெஹானு’ என்று நாலாவது ஒன்றை எழுதினார். அதில் ராஜா, யுத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில். கதை ஒரு பண்ணை வீட்டில் நடக்கிறது. டெனார் நடுத்தர வயதுக்காரி, புருஷன் இறந்துவிட்டான். தீயில் வெந்து தப்பிய ஒரு சின்னப் பெண்ணை எடுத்து வளர்க்கிறாள். மந்திர சக்தி மொத்தமும் போய் கெட் வந்து நிற்கிறான், ஆடு மேய்க்கிறான்.

கப்பலில் வேலைக்குப் போன டெனாரின் மகன் பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். சாப்பிட்டு முடிக்கிறான். தட்டைக் கழுவச் சொல்கிறாள். அது பொம்பளை வேலை என்கிறான். இந்த அடுக்களையில் சாப்பிடுகிற எல்லோருடைய வேலையும்தான் என்கிறாள் அவள். எனக்கில்லை என்று எழுந்து போய்விடுகிறான். ஒரு காலத்தில் கடலையும் காற்றையும் அடக்கிய கெட் அதே வீட்டில் பேசாமல் ஏனம் கழுவிக்கொண்டிருக்கிறான்.

இதைப் படித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. டிராகனும் மந்திரமும் உள்ள உலகத்தில், ஒரு தாய் தன் மகனைப் பார்த்து, இவனை நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று நினைக்கிற இடத்தை எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீரம் எங்கே, மாயம் எங்கே என்று சில வாசகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இருபது வயதில் படித்திருந்தால் நானும் சுளித்திருப்பேன். நாற்பதைத் தாண்டிய தோழிகளுக்கு இதைத்தான் கையில் திணிக்கிறேன். முந்தைய மூன்றையும் படிக்க நேரமில்லை என்றால், டெனார் முதலில் வரும் ‘டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ ஒன்றையாவது முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

சிரிக்க வேண்டுமா, டெர்ரி பிராட்செட். அவருடைய டிஸ்க்வேர்ல்ட் தட்டையான உலகம். நான்கு யானைகள் அதைத் தாங்க, யானைகளை ஒரு ஆமை தாங்குகிறது. நம் அஷ்டதிக்கஜங்களில் பாதியைக் குறைத்துவிட்டார். கதைகள் முக்கால்வாசி கேலி. நடுவில் திடீரென்று ஒரு கணக்கு வரும். ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993) நாவலில் வைம்ஸ் என்ற போலீஸ்காரன் யோசிக்கிறான்: நல்ல பூட்ஸ் ஐம்பது டாலர், பத்து வருஷம் உழைக்கும். அவ்வளவு பணம் இல்லாதவன் பத்து டாலர் பூட்ஸ் வாங்குவான், அது ஒன்றிரண்டு பருவத்தில் கிழியும். பத்து வருஷத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் இன்னும் ஈரம். எங்கள் மார்க்கெட்டில் நாள் வாடகைக்குத் தள்ளுவண்டி எடுக்கிறவர்களைப் பாருங்கள். வருஷக்கணக்கில் அவர்கள் கட்டும் வாடகைக்கு இரண்டு வண்டி சொந்தமாக வாங்கியிருக்கலாம். மொத்தமாகக் கொடுக்கத்தான் பணம் சேராது. மந்திரவாதிக் கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு பக்கத்தை நீட்டுவேன்.

ஒரு உபரிக் கவலை: அவர் கதைகளில் எமன் பேசுவது முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? மொழிபெயர்த்தால் எமனைச் செந்தமிழில் பேசவிடலாம் என்பது என் யோசனை.

ஆக்டேவியா பட்லர். எழுத்தில் காசு வராத காலத்தில் ஓட்டலில் தட்டுக் கழுவியவர், உருளைக்கிழங்கு சிப்ஸ் தொழிற்சாலையில் சிப்ஸைச் சரிபார்த்தவர். ‘கிண்ட்ரெட்’ (1979) அவருடைய நாவல். டேனா என்ற கறுப்பினப் பெண் 1976-இல் கலிஃபோர்னியாவில் புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தலை சுற்றுகிறது. கண் திறந்தால் அடிமை முறை நடக்கும் மேரிலாந்து, நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால். எந்த இயந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை. திரும்பவும் இழுக்கப்படுவோம் என்று தெரிந்ததும் கத்தி, சோப்பு, துணி எல்லாம் போட்ட பையை உடம்போடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

அந்தப் பண்ணையின் சமையற்காரி சாரா. அவளுடைய பிள்ளைகளை முதலாளி விற்றுவிட்டான். பேச வராத கேரி ஒருத்திதான் மிச்சம். எதற்கு விற்றான்? எஜமானியம்மாவுக்குப் புது மேஜை நாற்காலி, புதுப் பீங்கான் தட்டுகள் வாங்க. அந்த வீட்டில்தான் சாரா இன்றும் சமைக்கிறாள். பிள்ளைகளை விற்று வந்த காசில் வாங்கிய தட்டுகளுக்குச் சோறு அனுப்புகிறாள். பட்லர் இதை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், குரலை உயர்த்தவே மாட்டார்.

இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

சோதனையில் தேறாமலும் பிடித்தவர்கள் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் கதைகளில் யாருக்கும் பசிக்காது. எல்லோரும் பொறியாளர்கள், எல்லோருக்கும் திட்டம் இருக்கும். ஆனால் அந்த மனிதர் 1956-இல் இலங்கைக்குக் குடிபோய், திருகோணமலை சுவாமி மலையடியில் கடலுக்குள் குதித்து, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்ணால் பார்த்தவர். ‘ஃபவுண்டெயின்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலில் விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவதற்காக இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே, பூமத்திய ரேகைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய ஏற்பாடு செய்கிற மனுஷனிடம் போய் ஏனத்தை என்ன கேட்பது?

சுஜாதாவைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். விகடனில் ‘என் இனிய இயந்திரா’ வந்தபோது எங்கள் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று அடிதடி. புத்தகம் படிக்கும் ஜீனோ நாய் இல்லாமல் என் தலைமுறையில் பாதிப் பேர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். அவர் 2008 பிப்ரவரி 27-இல் போனார், கிளார்க் மார்ச் 19-இல். சரியாக மூன்று வாரம்தான் இடைவெளி. என் அலமாரியில் இருவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். சுஜாதாவோடு தமிழில் எல்லாம் முடிந்துவிட்டது என்பவர்கள் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பையும் சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ நாவலையும் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஆபீஸ் தம்பிக்கு ரொக்கேயாவின் கதையைக் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள் ஆச்சு, இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சுருட்டுக் கணக்கு வரும் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைக்கிறேன், டீக்கடைக்குப் போவது குறைந்திருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த ஆட்களைக் கீழே எழுதுங்கள். அந்த உலகத்தில் ஏனம் யார் கழுவுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் ஏற்றுக்கொள்வேன்.

இன்னொன்று. என் ‘கிண்ட்ரெட்’ போன தீபாவளிக்கு முன்னால் யாரிடமோ போனது, இன்னும் வரவில்லை. யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருந்து, நடுப்பக்கத்தில் சாம்பார்க் கறை இருந்தால் அது என்னுடையது.