எரிமலையை மன்னிக்கலாம், எலியை முடியாது

"இயற்கையை அதன் போக்கில் விடுங்க, அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது பதிவு போட்டால் லைக் குவியும். எனக்கு உடனே அலூஷியன் தீவுகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அலாஸ்காவிலிருந்து ரஷ்யா பக்கமாக வில் போல வளைந்து கிடக்கும் எரிமலைத் தீவுகள் அவை. தானாக வளர்ந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. கோடையில் மூடுபனி, குளிர்காலத்தில் அடித்துப் புரட்டும் புயல். ஆனால் பெரிங் கடலில் இரைக்குப் பஞ்சமில்லை என்பதால் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் வந்து குவிகின்றன.

2008 ஆகஸ்ட் 7 அன்று அங்கே கசடோச்சி தீவு வெடித்தது. பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்த இருவரை ஒரு மீன்பிடிப் படகு கடைசி நேரத்தில் ஏற்றிக்கொண்டு தப்பியது. ஆக்லெட் குஞ்சுகளுக்கு அந்த வாய்ப்பில்லை. கடற்பறவை அது, அதில் ஒரு வகை மைனாவைவிடச் சின்னது. வருஷத்துக்கு ஒரே முட்டை, அதையும் பாறை இடுக்கில்தான் இடும். எல்லா இடுக்கையும் சாம்பல் மூடிவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்த பறவைகளுக்குக் கூடு வைக்க இடமில்லை. ஆனால் மழையும் அலையும் சாம்பலை அரித்துக்கொண்டு போகப் போக, இடுக்குகள் மெல்லத் திறந்தன. ஆக்லெட்டுகள் மறுபடி கூடு வைத்தன. சரி, இதுவரை அந்தப் பதிவுக்காரர்கள் சொல்வது உண்மைதான்.

இப்போது அதே அலூஷியன் வரிசையிலுள்ள ஹவாடாக்ஸ் தீவுக்கு வாருங்கள். 1780 வாக்கில் உடைந்துபோன ஒரு ஜப்பானியக் கப்பலிலிருந்து எலிகள் அங்கே கரையேறி, பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுதீர்த்தன. இருநூறு ஆண்டுக்கு மேல் அதன் போக்கில்தானே விட்டிருந்தார்கள்? பறவைகள் திரும்பவே இல்லை. அதே 2008 இலையுதிர் காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து எலி மருந்து தூவினார்கள். 2010-ல் எலி ஒழிந்தது உறுதியானது. பறவைகள் மட்டுமில்லை, அப்புறம் கரையோரப் பாசிகூட மீண்டது. பாசியை மேயும் நத்தைகளைத் தின்னப் பறவைகள் வந்துவிட்டன அல்லவா!

இதற்கு விலையும் உண்டு. மருந்தைத் தின்ற கடற்காக்கைகள் முன்னூறுக்கு மேல் செத்தன, அவற்றைத் தின்ற வெண்தலைக் கழுகுகள் நாற்பதுக்கு மேல். அளவுக்கு அதிகமாக மருந்து போட்டுவிட்டார்கள் என்று பிறகு வந்த ஓர் ஆய்வறிக்கை குறை சொன்னது. நியாயமான குறைதான். அதற்காக எலியை விட்டுவைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் பக்கத்திலேயே கிஸ்கா இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் வந்திறங்கிய எலிகள் அங்கே இன்னமும் இருக்கின்றன. கொன்ற ஆக்லெட்டுகளைக் குவியல் குவியலாகப் பதுக்கி வைத்து, பலவற்றில் கண்ணையும் மூளையையும் மட்டும் தின்றுவிட்டுப் போயிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஹவாடாக்ஸைவிடப் பல மடங்கு பெரிய தீவு, வேலை லேசில் முடியாது. கழுகுகளைக் காப்பாற்றும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு அங்கேயும் ஹெலிகாப்டரை இறக்கட்டும், என் ஓட்டு அதற்குத்தான்.