உயிரோடு இருக்கிற மனுசனின் பாட்டுக்கு 'ஆசிரியர் தெரியாது' என்று போடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தமிழ்மொழித் தினப் போட்டி. நாட்டார் பாடல் நிகழ்ச்சி. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய பொடியன்கள் மேடையில் இரண்டு வரிசையாக நின்று, கரைவலை இழுக்கிற பாவனையோடு அம்பா பாடினார்கள். பாட்டுக்கு முன்னர் அறிவிப்பாளர் பிள்ளை திருத்தமான உச்சரிப்பில் சொன்னது: "கிழக்கிலங்கை மீனவர்களிடையே நூற்றாண்டுகளாக வழங்கிவரும் வாய்மொழிப் பாடல்."

யமகா பூட்டின படகு போகுது – ஏலேலோ
மாமன் மரவள்ளம் மண்ணில வேகுது – ஏலேலோ
தும்புக் கயிறுபோல பாட்டும் தேயுது – ஏலேலோ
நம்பிப் பாடினவன் தொண்டை காயுது – ஏலேலோ

நூற்றாண்டுகளாக வழங்கிவரும் பாட்டுக்குள் யமகா எஞ்சின் எப்படி வந்தது என்று அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நடுவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது என் கெட்டித்தனத்தால் இல்லை. பாட்டைக் கட்டின மனுசன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். காதுக்குக் கிட்டச் சரிந்து, "தம்பி, எனக்கு அவ்வளவு வயசு போயிட்டுதோ?" என்று கேட்டார். பாட்டு முடிந்ததும் மண்டபத்திலேயே பெரிய கைதட்டு அவருடையதுதான்.

திருகோணமலைக்காரர் பலருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இதற்குள் விளங்கியிருக்கும். பேரை இங்கே போடமாட்டேன். போடக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். அது ஒரு பெரிய சண்டை, பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு நாங்கள் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அண்ணை என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணை ஓடாவி. அதாவது மரவள்ளம் கட்டுகிறவர். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடற்கரையோரம் வளர்ந்தவர். ஃபைபர் படகு வந்த பிறகு ஓடாவிக்கு வேலை இல்லாமல் போனது. பிறகு கதவு, யன்னல், பிள்ளைகளுக்கு மேசை என்று கிடைத்ததைச் செய்தார். கரைவலைக்கு உழவு மெசின் வந்து கயிறு இழுக்கத் தொடங்கியதும் அம்பாவுக்கும் அதே கதிதான். பத்து முப்பது பேர் ஒரே நேரத்தில் கால் ஊன்றி ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பாட்டு. மெசினுக்கு ஏலேலோ தேவையில்லை. மேலே நான் எழுதின நாலு அடியும் இந்த இரண்டு தொழிலின் கதை. எனக்கு ஒரு முழுப் பதிவு வேண்டியிருக்கிறது, அவருக்கு நாலு அடி போதுமாயிருந்தது.

அவரிடம் ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கட்டை சத்தம் போடாது. அழுத்தினால் காற்று மட்டும் 'புஸ்' என்று வரும். எங்கள் கூட்டத்தில் முறையாகச் சங்கீதம் படித்த ஒரு அக்கா இருக்கிறா. மாதக்கணக்காகக் கேட்ட பிறகு அவதான் கண்டுபிடித்தா: அண்ணையின் எந்த மெட்டிலும் அந்தச் சுரம் இல்லை. முப்பது வருடமாக அந்தக் கட்டையைத் தாண்டித் தாண்டியே மெட்டுப் போட்டிருக்கிறார். அவருடைய பாட்டு ஏதோ ஒரு இடத்தில் தடக்கி, பிறகு எழும்பி நடக்கிற மாதிரி இருக்கும். அதைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் 'மண்வாசனை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

ரசிகர்கள் என்று சொன்னால் பெரிய பட்டாளம் இல்லை. இருபது பேர் வரும். ஓட்டோ ஓடுகிறவர், வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு ஆசிரியர், மீன்வாடி வைத்திருக்கிற ஒருவர், நான். பின்னேரம் டச் பேயில் தேத்தண்ணி குடிக்கச் சந்தித்து, பிறகு அண்ணையின் முற்றத்துக்குப் போகிற பழக்கம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவருடைய எல்லாப் பாட்டும் திறம் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கேட்டு வாங்குகிற பாட்டுகளில் வேலுக்கு மேல், மயிலுக்குக் குயில் என்று எதுகை தானாக வந்து விழும், கேட்ட மறுநாள் மறந்துவிடும். அவர் தன் கண்ணால் கண்டதைப் பாடும்போதுதான் வேறு ஆள். பிரட்றிக் கோட்டை மான்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. எங்கள் ஊர் மான் காட்டில் இல்லை, தெருவில் நிற்கும். பஸ் நிலையப் பக்கம், மைதானப் பக்கம், குப்பைத் தொட்டியடியில். சோற்றுப் பார்சல் சுற்றின லன்ச் சீற்றை, உப்பும் குழம்பும் மணக்கிறதென்று மென்று விழுங்கும். வயிறு நிறையப் பொலித்தீனோடு செத்துக்கிடந்த மான்களை இந்த ஊர் கண்டிருக்கிறது. அண்ணையின் பாட்டில் ஒரு குட்டி மான் தாயிடம் கேட்கிறது: "அம்மா, இந்த இலை ஏன் செமிக்குதில்லை?" தாய் சொல்கிற பதில்: "மனுசன் நட்ட மரத்து இலை, மகனே." நேர்சறிப் பிள்ளைகள் இதைக் கைதட்டிச் சிரித்துப் பாடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதையும் தாண்டின ஒரு பாட்டு இருக்கிறது. 2021 நவம்பர் 23, கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தபடியால் சனம் பாதையில்தான் ஆற்றைக் கடந்தது. (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை.) காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. கிண்ணியாப் பெரிய பாலம், 396 மீற்றர், 2009இல் திறந்தபோது இனிப் பாதைக் கவலை இல்லை என்று சந்தோசப்பட்ட ஊர் அது.

அண்ணை கட்டின பாட்டில் ஆறு இல்லை, தண்ணீர் இல்லை, சாவு என்ற சொல் இல்லை. டீச்சர் வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிறா, அவ்வளவுதான். ஒரு பேர், 'வந்திருக்கிறேன் டீச்சர்.' அடுத்த பேர், 'வந்திருக்கிறேன் டீச்சர்.' பிறகு ஒரு இடத்தில் பேரும் இல்லை, பதிலும் இல்லை. ஆர்மோனியத்தில் அந்த ஊமைக் கட்டையை அழுத்துகிறார். 'புஸ்' என்று காற்று. பிறகு இடாப்புத் தொடர்கிறது. நான் பார்த்த அளவில் அவர் அந்தக் கட்டையை வேண்டுமென்று தொட்டது அந்த ஒரு பாட்டில்தான்.

கிண்ணியாவில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு தடவை அதைப் பாடினார். பிறகு ஒரு நிகழ்ச்சிக்காரர், நல்ல தொகை தருகிறோம், மேடையில் பாடுங்கள் என்று கேட்டார்கள். "அது அந்த வீட்டுக்காரற்ற பாட்டு, அவையிட்டக் கேளுங்கோ" என்று அனுப்பிவிட்டார். அந்த மாதம் அவர் வீட்டில் மின்சாரக் கட்டணம் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படித்தான் அவர் எல்லாவற்றையும் கொடுப்பது. கலியாண வீட்டுக்கு ஊஞ்சல் பாட்டு, செத்த வீட்டுக்கு ஒப்பாரி அடிகள், பள்ளிக்கூடத்துக்குப் போட்டிப் பாட்டு. கேட்கிறவர் ஒரு கொப்பித் தாளோடு வருவார், பாட்டோடு போவார். ஒருமுறை நாங்கள் இருபது பேரும் சேர்த்து ஆர்மோனியம் திருத்த 18,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டு கிழமை கழித்துப் பெட்டி அப்படியே கிடந்தது. காசு எங்கே அண்ணை என்றால், அடுத்த வளவுப் பிள்ளைக்கு ஏ.எல். டியூசன் காசு கட்டுப்பட்டுவிட்டதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அது அவருடைய காசு இல்லை, எங்கள் காசு என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வெட்கம் வந்தது.

ஆனால் என் கோபம் முழுக்கப் போகவில்லை. இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அவருடைய கொடைக் குணத்தை நாங்கள் எல்லாரும் வசதியான சாட்டாக வைத்திருக்கிறோம். 'அண்ணை காசுக்காகப் பாடுறவர் இல்லை' என்று மெச்சுகிற வாயால்தான் அவருக்குக் காசு கொடுக்காமல் விடுகிறோம். வெளியிலிருந்து வருகிற பாடகருக்கு விமானச் சீட்டு, விடுதி, முற்பணம். அண்ணைக்குப் பொன்னாடை. அதுவும் சனம் கதிரையைத் தூக்கத் தொடங்குகிற நேரத்தில். அண்ணையின் மனைவி அந்தப் பொன்னாடைகளைத் தலையணை உறையாகத் தைத்து வைத்திருக்கிறா. "உலையில போடேலாது, தலைக்கு வைப்பம்" என்று அவ சொன்னதை நான் பகிடியாக எடுக்கவில்லை.

காசைவிடப் பெரிய களவு பேர். வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருவர் மான் பாட்டை எடுத்து, கீழே டிரம்ஸ் அடித்து, யூடியூபில் போட்டிருக்கிறார். விவரத்தில் 'நாட்டார் பாடல், ஆசிரியர் தெரியாது'. கீழே கருத்துகளில் 'எங்கள் முன்னோர் எவ்வளவு சூழல் உணர்வோடு இருந்திருக்கிறார்கள்' என்று ஒருவர் உருகியிருந்தார். முன்னோர் அந்த நேரம் சந்தையில் சூடை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

நாட்டார் பாடல் என்றால் ஆசிரியர் இல்லாத பாடல் என்று ஏனோ மனதில் பதிந்துவிட்டது. யாரோ ஒரு ஆள் ஒருநாள் முதல் அடியைக் கட்டியிருக்கத்தான் வேண்டும். பேர் மறந்துபோனது நடந்த கதை, அதைப் போய் ஒரு இலக்கணம் ஆக்கிவிட்டோம். எங்கள் ஊர்ப் பாட்டிலேயே பழையதைப் பாருங்கள்: கோணமாமலைப் பதிகம், 7ஆம் நூற்றாண்டு. கடைசிப் பாட்டில் ஞானசம்பந்தன் என்று பேர் கிடக்கிறது. பதிகம் தோறும் கடைக்காப்பில் பேரை வைத்துவிட்டுப் போன மனுசன் அவர். அதனால் கோணேசர் கோயிலில் அதைப் பாடுகிறவர் யாருக்காவது பக்தி குறைந்ததா? 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், பாட்டில் இருந்த பேரை இடிக்க முடியவில்லை. வானொலிக் காலத்துக்கு வந்தால், பொப் பாட்டுப் பாடின பரமேஷ் – கோணேஷ் சகோதரர்கள் எங்கள் ஊர் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்துகிறோம். பேர் தெரிந்தபடியால்தானே நிமிர்த்த முடிகிறது.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பாட்டை எங்கேயும் பதியத் தேவையில்லை, கட்டின உடனேயே உரிமை வந்துவிடும். ஆள் இருக்கும்வரையும், போன பிறகு 70 வருடமும் அது நிற்கும். தன் பேரைப் போடு என்று கேட்கிற உரிமை தனியாக இருக்கிறது. இதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோய் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"செத்து 70 வருசமோ?"

"ஓம் அண்ணை."

"அவ்வளவு காலமும் என்னைக் கேட்டுத்தான் பாடவேணுமோ? நான் எங்க கிடப்பன் எண்டு வந்து கேக்கிறது? என்ர பேரைப் பெரிசாப் போட்டால், ஒரு ஏழைச் சனம் கலியாண வீட்டில பாட நினைச்சாலும், காசு குடுக்கோணுமோ எண்டு பயப்படும் தம்பி."

நான் சத்தம் போட்டேன். நீங்கள் பேரைக் கொடுக்காவிட்டால் உங்கள் பாட்டை வைத்து வேறு யாரோ பேர் எடுப்பான், ஏழைச் சனத்துக்கு அதில் ஒன்றும் வராது என்றேன். மூன்று கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, நான்தான். அவர் வழமைபோலத் தேத்தண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அக்கா, அவர் மனைவி, தீர்த்து வைத்தா. முகநூலில் பேர் வேண்டாம், அது அண்ணையின் பக்கம். பாட்டுகளை ஒலிப்பதிவு செய்வோம், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தன் பேரையும், ஊரையும், எந்த வருடம் எதற்காகக் கட்டினது என்பதையும் அவர் தன் வாயாலேயே சொல்லவேண்டும், அது என் பக்கம். அதன்பிறகு யார் வேண்டுமானாலும் பாடட்டும், காசு கேட்கமாட்டோம். அந்த முதல் வரியை வெட்டிவிட்டுப் போடுகிறவரோடுதான் எங்களுக்கு வழக்கு.

இதுவரை 43 பாட்டுப் பதிந்திருக்கிறோம். முதல் நாள் தன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு ஆறு தடவை சிரித்துவிட்டார். ஏழாவது தடவை சரியாகச் சொன்னார், காகம் கத்திவிட்டது. அந்தக் காகத்தோடேயே வைத்திருக்கிறோம். இடாப்புப் பாட்டு மட்டும் இல்லை. அது பதியப்படாது, கேட்கவும் வேண்டாம்.

கலியாணத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அண்ணை எழுதிக் கொடுத்த பாட்டு உங்கள் வீட்டுக் கொப்பியில் கிடந்தால் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அவரிடம் பிரதி இல்லை, பாதியை மறந்தும்போனார். எந்த வருடம் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு அடுத்த பதிவு. கச்சான் காற்று விழுந்துவிட்டது, முற்றத்தில் இருக்கலாம். வருகிறவர்கள் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவாருங்கள், சீனி போடவேண்டாம், அண்ணைக்குச் சீனி வருத்தம். ஆர்மோனியம் திருத்தத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள், இந்தமுறை காசை அவர் கையிலேயே கொடுப்போம். தோலும் காற்றுத் துருத்தியும் பார்த்தால் போதுமாம். அந்த ஒரு கட்டையை மட்டும் தொடவேண்டாமாம்.