அவர் துரோகி இல்லை

அந்தக் குரல்பதிவு இதற்குள் உங்கள் எல்லோருடைய வட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பேசியது யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெயர் இங்கே வேண்டாம். எங்கள் டொரொன்டோ பேஸ்போல் அணி புளூ ஜேஸ் 2025 இறுதித் தொடரில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்ற ஆற்றாமை எனக்கும் இன்னும் தீரவில்லை. ஆனால் எங்கள் ஆட்டக்காரர் ஐசையா கைனர்-ஃபலேஃபாவை "துரோகி" என்று சொல்லி, அதற்குக் கீழே எங்கள் ஆட்களே வரிசையாகக் கைதட்டல் போட்டிருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

ஒரு மனிதர் எடுத்து வைக்காத ஓர் அடியில் முழுப் பருவத்தையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஒருக்கால் ஒழுங்காகப் பார்ப்போம். 2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி. 4-4. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். (பேஸ் என்பது ஓடுபவர் நின்று நின்று முன்னேறும் இடம்; மூன்றையும் கடந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ஓட்டம்.) மூன்றாவது பேஸில் நின்றவர் கைனர்-ஃபலேஃபா. முழங்கால் காயத்தோடு விளையாடிக்கொண்டிருந்த போ பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்தவர். எங்கள் வார்ஷோ அடித்த பந்து தரையோடு டொட்ஜர்ஸின் ரோஹாஸிடம் போனது. ரோஹாஸ் தடுமாறினார், ஆனாலும் எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்துவிட்டார். பேஸ்கள் நிறைந்திருந்தபடியால் ஓடி வருபவரைப் பந்தால் தொடத் தேவையில்லை, பந்தோடு பிளேட்டில் கால் பட்டால் போதும். அங்கே பந்தைப் பிடித்த டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் கால் பட்டது. நூலளவு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அவுட்தான். கைனர்-ஃபலேஃபா மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட் பக்கமாக இன்னும் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் 1993க்குப் பிறகு முதல்முறையாகப் பட்டம் எங்களுக்கு.

ஏன் தள்ளி நிற்கவில்லை? பயிற்சியாளர்கள் பேஸை ஒட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்பவர்கள் முதல்நாள் இரவை மறந்துவிட்டார்கள். ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது? ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் எங்கள் ஆட்கள். எங்கள் ஹிமெனெஸ் அடித்த பந்தை டொட்ஜர்ஸின் கீகே ஹெர்னாண்டஸ் முன்னால் ஓடி வந்து தரையில் படுமுன் பிடித்து, அப்படியே இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். அந்தப் பேஸிலிருந்து தள்ளி நின்ற எங்கள் பார்ஜரால் பந்து வருமுன் திரும்பிப் போக முடியவில்லை, அவரும் அவுட். ஆட்டமே முடிந்தது. தள்ளி நின்றதால் வெள்ளிக்கிழமை தோற்ற அணி, சனிக்கிழமை ஒட்டி நில் என்கிறது. அதற்குக் கீழ்ப்படிந்தவருக்கு நாங்கள் கொடுக்கிற பெயர் துரோகி!

"அனுபவமுள்ள ஆட்டக்காரர், நிலைமையைப் பார்த்துத் தானாக முடிவெடுத்திருக்க வேண்டும்" என்று சிலர் எழுதுவார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இன்னும் ஓர் அடி நின்றிருக்கலாம், அவர் ஓடிய விதத்திலும் குறை சொல்லலாம். பேஸ்போல் தெரிந்தவர்கள் அதை அளந்து பேசட்டும், அது நியாயமான பேச்சு. ஆனால் வார்ஷோவின் பந்து தரையில் போகாமல் மூன்றாவது பேஸ்காரரின் கைக்கு நேராகப் போய், இவர் தள்ளி நின்று மாட்டியிருந்தால்? இதே ஆட்கள் இதே குரலில் "சொன்ன சொல் கேட்காதவன்" என்று பதிவு போட்டிருப்பார்கள்.

மற்றவர்களை ஏன் ஒருவரும் பேசவில்லை? ஒன்பதாவது இன்னிங்ஸில் வெல்வதற்கு இரண்டே அவுட் மிச்சம் இருக்கும்போது ரோஹாஸுக்கு ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி, சுவரைத் தாண்டும் அடி) கொடுத்தவர் எங்கள் பந்து வீச்சாளர் ஹொஃப்மன். அந்தத் தோல்வியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு பேசினார் அந்த மனிதர். அவரையும் திட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரையும் திட்டாதீர்கள் என்கிறேன். பதினோராவது இன்னிங்ஸில் எங்கள் கெரேரோ இரண்டாவது பேஸில் நின்றபோது, பன்ட் அடித்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு), தான் அவுட்டாகி அவரை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தியது யார்? இதே கைனர்-ஃபலேஃபாதான். அதைப் பற்றி அந்தக் குரல்பதிவில் ஒரு சொல் இல்லை.

பருவம் முழுக்க 162 ஆட்டம். 94 வெற்றி. 2024இல் பிரிவில் கடைசியாக வந்த அணி, 2025இல் நியூயோர்க் யாங்கீஸும் அதே 94 எடுத்திருக்க, தங்களுக்குள் விளையாடிய ஆட்டங்களில் கூட வென்றதால்தான் முதலிடம் பெற்றது. ஏப்ரலில் ஏதோ ஒரு குளிர் இரவில் இன்னும் ஒரு ஆட்டம் கை நழுவியிருந்தால் அந்த முதலிடமே இல்லை. அந்த ஒரு ஆட்டத்தை வென்று தந்தவரின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை. இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களையும் கூட்டினால் நாங்கள் எடுத்தது 34 ஓட்டம், டொட்ஜர்ஸ் 26. பிறகும் தோற்றோம். இந்த விளையாட்டு அப்படித்தான். இத்தனைக்கும் கணக்கு ஒரு காலடியிலா?

"நீங்கள் இந்த ஒக்டோபரில்தான் பேஸ்போல் பழகின ஆள், உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன். 1993 ஒக்டோபர் 23 இரவு நான் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பட்டத்தை எங்களுக்குத் தந்த ஜோ கார்ட்டரின் பந்து சுவரைத் தாண்டியபோது, அதுவரை என் பெயரைக்கூடக் கேட்டிராத சமையல்காரர் ஓடிவந்து, சவர்க்காரக் கையோடு நின்ற என்னைத் தூக்கிச் சுற்றினார். இந்த நகரம் என்னைத் தொட்ட முதல் நாள் அது. 32 வருடமாக நான் இந்த அணியின் ஆள்.

அதற்கு முன்பே எனக்கு இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கிரிக்கெட் விளையாடினேன். கடைசி விக்கெட், இரண்டு ஓட்டம் தேவை. மறுமுனையில் கப்டன். "நான் கூப்பிடாமல் அசையாதே" என்று சொல்லியிருந்தார். அவர் அடித்தார், ஓடி வந்தார், கூப்பிடவில்லை. நான் நின்றேன். அவர் ரன் அவுட், நாங்கள் தோற்றோம். அவர் என்னிடம் சொன்னதை அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. சந்தைக்குப் போனாலும் "மரம் மாதிரி நின்றவன்" என்பார்கள். போன வருடம் இங்கே பழைய மாணவர் இராப்போசனத்தில் அதே கதையை அவர் மேடையில் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். நாற்பது வருடம் கழித்தும் அது வலிக்கிறது.

பொஸ்டனில் பில் பக்னர் என்ற ஆட்டக்காரர் இப்படி ஒரு பழியை 22 வருடம் சுமந்தார். 1986 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பந்து அவருடைய கால்களுக்கு நடுவே போனது. அப்போது ஆட்டம் ஏற்கனவே சமனாகிவிட்டது, ஏழாவது ஆட்டமும் மிச்சம் இருந்தது, அதில் பொஸ்டன் 3-0 என்று முன்னாலும் நின்றது. அதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. 2008இல் அவரைப் பொஸ்டன் மைதானத்துக்கு அழைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அழுதார்.

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சம்பளம் வாங்கினால் மனம் மரத்துப்போகும் என்று நம்புகிறவர்களோடு என்ன பேசுவது?

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அண்ணை, துரோகி என்றால் பகிடிதானே" என்று குழுவில் ஒரு தம்பி எழுதினார். தம்பி, நீங்கள் இங்கே பிறந்தவர். எண்பதுகளில் எங்கள் ஊர்ச் சந்தியில் அந்தச் சொல்லை ஒரு மட்டையில் எழுதி ஒரு மனிதரின் கழுத்தில் தொங்கவிட்டு லைற் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். காலையில் ரியூஷனுக்குப் போகும் வழியில் பார்த்தேன். அவர் என்ன செய்தார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. யாரோ சொன்னார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவருடைய சைக்கிள் மதிலோடு சாய்ந்து நின்றது. அந்தச் சொல்லை நான் எந்தப் பகிடிக்கும் வாயில் எடுப்பதில்லை. பேஸ்போலுக்கும் எடுக்க மாட்டேன்.

ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் கேர்க்கின் மட்டை உடைந்து, ஒரே அடியில் இருவர் அவுட்டாகும் டபிள் பிளேயோடு எல்லாம் முடிந்தது. மகன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அடுப்பில் இருக்கும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினான். அன்றுதான் நேரம் மாற்றும் இரவு. அவனும் கைனர்-ஃபலேஃபாவைத் திட்டவில்லை. "அப்பா, அவருக்கு இன்றைக்கு நித்திரை வராது" என்று மட்டும் சொன்னான்.

நான் அந்தக் குழுவிலிருந்து நேற்று விலகிவிட்டேன். குரல்பதிவை அழித்துவிட்டால் யாராவது எனக்குச் சொல்லுங்கள், திரும்ப வருகிறேன்.