பத்தும் ஐந்தும்

பேஸ்பாலில் அணி அணியாக மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். ‘ஜர்னி’ என்று இருப்பதால் ஏதோ ஊர்சுற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய ஆங்கிலத் தொழிற்பட்டறைகளில் அதற்கு நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள் என்றுதான் பொருள். எட்வின் ஜாக்சனை நினைத்தால் எனக்கு அந்தப் பழைய பொருள்தான் பொருந்துகிறது.

மேஜர் லீக் என்கிற வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியில் 14 அணிகளுக்கு ஆடிய பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2003-ல், தன் 20-வது பிறந்தநாளில், டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடி, எதிரே வீசிய பெரும்புள்ளி ராண்டி ஜான்சனையே வென்றவர். 2009-ல் டெட்ராய்ட் அணியில் ஆல்-ஸ்டார், அதாவது அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானவர். அந்த டிசம்பரிலேயே அவரை அரிசோனாவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

2010 ஜூன் 25. அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான டாம்பா பே ரேஸுக்கு எதிராக வீசினார். ஆரம்பத்தில் பந்து கட்டுக்குள்ளேயே இல்லை. முதல் மூன்று இன்னிங்ஸிலேயே (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) அவர் தப்பாக வீசிய பந்துகளால் ஏழு பேர் அடிக்காமல் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போனார்கள். வேறு நாளாக இருந்தால் அப்போதே வெளியே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் ஒருவரும் ஹிட் எடுக்கவில்லை, அதாவது பந்தை அடித்து பேஸை எட்டவில்லை, கடைசிவரை எடுக்கவே இல்லை. 1-0 வெற்றி, நோ-ஹிட்டர். வீசியது 149 பந்து (நம் கிரிக்கெட் கணக்கில் ஏறக்குறைய 25 ஓவர், அதுவும் ஒரே ராத்திரியில்). ஐந்தே வாரத்தில் அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாதா? முடியும், அதற்கு ஒரு விதி இருக்கிறது. மேஜர் லீக்கில் பத்து வருட சர்வீஸ், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்திருந்தால், தன்னை வேறு அணிக்கு மாற்றும் டிரேடை மறுக்கலாம். கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் 1969-ல் தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்குப் போட்டு, 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதற்குப் பிறகுதான் இந்த விதி வந்தது. ஃப்ளட் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 சீசன் ஆடியவர், அவர் அளவுக்கு விதி சரியாகப் பொருந்தும். ஜாக்சன் எந்த அணியிலும் மூன்று சீசனைத் தாண்டவில்லை. அதாவது, அடிக்கடி மாற்றப்படுகிறவனுக்கு, மாற்றப்படுவதாலேயே அந்த உரிமை கிடைக்காது. இதை நான் நியாயம் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

‘கோடி கோடியாக வாங்குகிறவனுக்கு என்னய்யா கஷ்டம்’ என்று கமெண்ட் வரும். சரி, உண்மைதான். சிகாகோ கப்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. முதல் சீசனிலேயே 18 ஆட்டம் தோற்றார், அதையும் மறைக்க வேண்டாம். நான் அவருக்காக இரக்கம் கேட்கவில்லை. நாளை எந்த ஊரில் வேலை என்பதில் அவருக்கும் ஒரு பேச்சு இருக்கட்டுமே என்கிறேன்.

2011 ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது, டொராண்டோ அன்றைக்கே கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. அங்கே அந்த வருடமே வேர்ல்ட் சீரிஸ் என்கிற மேஜர் லீக் இறுதித் தொடரை வென்றார். டொராண்டோ சட்டையை அவர் போட்டு ஆடியது எட்டு வருடம் கழித்து, 2019 மே 15-ல். அதுதான் 14-வது அணி, அப்போது அது சாதனை. அந்த முறை டொராண்டோ அவருக்குப் பதிலாக ஆட்டக்காரர் யாரையும் கொடுக்கவில்லை. ஓக்லண்டிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது.